புது இலை மஞ்சளா, பழைய இலை மஞ்சளா?

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சில இடங்களில் விரித்து எழுதப்பட்டுள்ளது.)



ஒரு வைத்தியரை மேடைக்குக் கூப்பிட்டால் சீனி வருத்தம், இரத்த அழுத்தம் என்று ஏதாவது சொல்லுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நூற்றாண்டுக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு வேறு. நூற்றாண்டு நினைவாகப் புதிய மண்டபத்தின் மதிலோரமாக நூறு வெட்சிச் செடிகள் நாட்டுவதாகத் தீர்மானித்திருக்கிறார்கள். என் வீட்டு முற்றத்து வெட்சியை ஒருநாள் பார்த்த செயலாளர், "இதை எப்பிடி வளர்த்தனீங்கள் எண்டு வந்து சொல்லுங்கோவன்" என்றார். இப்போது பூத்துக் குலுங்கும் அந்தச் செடி முதல் நான்கு வருடமும் என் கையில் பட்ட பாட்டை அவர் அறியமாட்டார். இன்றைக்கு அதைத்தான் சொல்லப்போகிறேன். கடைசியில் குழுவினரிடம் இரண்டு வேண்டுகோள்களும் வைக்கப்போகிறேன்.

வெட்சி என்றால் சிலருக்கு உடனே விளங்காது. நாங்கள் படித்த காலத்தில் அதை எக்சோரா என்றுதான் கூப்பிட்டோம். தமிழ்நாட்டிலே இட்லிப்பூ என்கிறார்கள். காலைப் பிரார்த்தனைக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் நின்ற வேலி ஞாபகம் இருக்கிறதா? சிவப்புக் கொத்தில் ஒரு பூவைப் பிடுங்கி, உள்ளே இருக்கும் நரம்பை மெல்ல இழுத்தால் நுனியில் ஒரு துளி தேன் வரும். அதை நாக்கிலே வைக்காத பிள்ளை இந்தக் கல்லூரியில் இருந்திருக்க முடியாது. பிரார்த்தனைக்குப் பிந்தியதற்கு எத்தனையோ காரணம் சொல்லியிருப்போம். உண்மைக் காரணம் பாதிநாள் அந்தத் தேன்தான்.

அது வெளியிலிருந்து வந்த அலங்காரச் செடி என்றே நான் நீண்டகாலம் நினைத்திருந்தேன். பெயர் அப்படி இருந்தது. உண்மையில் அது இந்த மண்ணின் செடி. தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் சொந்த இடம். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753 இல் அதற்கு இக்ஸோரா என்று பெயர் வைத்தபோது, ஈசுவரன் என்ற சொல்லைத்தான் திரித்து வைத்தார் என்று சொல்லுவார்கள். தமிழ் படித்த உங்களுக்குப் புறத்திணை ஞாபகம் இருக்கும். வெட்சிப் பூவைச் சூடிக்கொண்டு பகைவரின் ஆநிரையைக் கவரப் போவது வெட்சித் திணை. தொல்காப்பியம் அதைக் குறிஞ்சிக்குப் புறமாக வைத்தது. குறிஞ்சி மலைநிலம். செடியை வளர்க்கப் போகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. மலையடிவாரக் காடு, அடிக்கடி மழை, மக்கிய இலைகள் நிறைந்த புளிப்பு மண், ஈரம் இருந்தும் தண்ணீர் தேங்காத சரிவு. இவைதான் வெட்சிக்குப் பிடித்தவை.

எங்கள் யாழ்ப்பாணத்து நிலத்தை எண்ணிப் பாருங்கள். மண்வெட்டி இரண்டு அடி இறங்க முதல் சுண்ணக்கல்லிலே "ணங்" என்று முட்டும். மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் காரத்தன்மை கொண்டவை. உங்கள் வீட்டுக் கேத்திலின் உட்புறம் படிந்திருக்கும் வெள்ளைப் படையைப் பார்த்தால் போதும், வேறு பரிசோதனை தேவையில்லை.

பதினைந்து வருடத்துக்கு முதல் நாங்கள் புதுவீடு கட்டிக் குடிபுகுந்தபோது கொழும்பிலிருந்து ஒரு வெட்சிக் கன்று கொண்டுவந்தேன். அங்கே மதிலோரங்களில் ஒருவரும் கவனிக்காமலே அது கரும்பச்சையாய் நிற்கும். ஈரம் விரும்பும் செடி என்று கேட்டிருந்தேன். ஆகவே வளவிலே எப்போதும் ஈரமாய் இருக்கும் இடத்தைத் தேடி, கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம் நட்டேன். நான் செய்த முதல் பிழை அது. பக்கத்தில் வாழையும் கமுகும் செழித்து நின்றன. வெட்சி மட்டும் ஆறு மாதத்தில் மஞ்சளடித்தது.

மஞ்சளடித்தால் பசளை போதாது என்று யூரியா போட்டேன். பிறகு தண்ணீர் போதாது என்று காலையும் மாலையும் வாளி வாளியாக ஊற்றினேன். அம்மா அடுப்புச் சாம்பல் போடச் சொன்னா, அதையும் போட்டேன். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் இலை இன்னும் வெளிறியது. வந்த கொத்துகள் மொட்டிலேயே கருகின. ஒரு நோயாளிக்கு இப்படிக் காரணம் தேடாமல் மருந்துக்கு மேல் மருந்து எழுதியிருந்தால் என் பேராசிரியர்கள் என்னை வாட்டிலிருந்தே துரத்தியிருப்பார்கள்.

எங்களுக்கு விவசாயம் படிப்பித்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் பிறஷர் பார்க்க அடிக்கடி என் வீட்டுக்கு வருவார். ஒருநாள் திரும்பிப் போகும்போது கிணற்றடியைப் பார்த்து நின்றார்.

"பிள்ளை, புது இலை மஞ்சளா, பழைய இலை மஞ்சளா?"

நான் அதுவரை அப்படிப் பார்த்ததே இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தோம். அடியில் இருந்த பழைய இலைகள் பச்சை. நுனியில் புதிதாக வந்தவைதான் மஞ்சள். அதிலும் நரம்புகள் பச்சைக் கோடுகளாக நிற்க, இடைப்பட்ட பகுதி மாத்திரம் வெளிறியிருந்தது.

"பழைய இலை முதல் மஞ்சளடிச்சால் நைதரசன் குறைவு எண்டு பாக்கலாம். செடி பழைய இலையிலயிருந்து எடுத்துப் புது இலைக்குக் குடுத்திடும். இரும்பை அப்பிடி எடுத்துக் குடுக்க ஏலாது. புது இலைதான் பட்டினி கிடக்கும். இது இரும்புப் பஞ்சம் பிள்ளை. உன்ர செடிக்கு இரத்தசோகை."

நான் சிரித்துவிட்டேன். "ரீச்சர், செம்மண்ணில நட்டிருக்கிறன். செம்மண் சிவப்பா இருக்கிறதே இரும்பாலதானே?"

"இருக்கிறது வேற, எடுக்கிறது வேற" என்றார். பிறகு கேட்டார்: "எந்தத் தண்ணி ஊத்துறாய்?"

அன்றைக்கு அவர் விளக்கியதை என் சொற்களில் சொல்கிறேன். எங்கள் செம்மண்ணிலே இரும்பு நிறைய உண்டு. ஆனால் அது துருவாக, கரையாத நிலையில் இருக்கிறது. மண் சற்றுப் புளிப்பாக இருந்தால் அதில் ஒரு பங்கு கரைந்து வேருக்குள் போகும். சுண்ணாம்பு கூடிக் காரமானால் கரையாது. நான் நாள்தோறும் ஊற்றிய கிணற்றுத் தண்ணீர் ஒவ்வொரு வாளியிலும் கொஞ்சம் சுண்ணாம்பைக் கொண்டுவந்து வேரடியில் விட்டது. சவர்க்காரத் தண்ணீர் வேறு காரம். சாம்பலும் காரம். வீடு கட்டியபோது மேசன்மார் கொட்டிய சீமெந்துக் கழிவு முழுவதும் அந்த வாய்க்காலோரம்தான் புதைந்து கிடந்தது. போதாக்குறைக்கு எப்போதும் சேறாய் நின்றதால் வேருக்குக் காற்றும் இல்லை. ஈரத்தை விரும்புகிற செடியைத் தேங்கிய நீரில் நிறுத்தி, இரும்பின் மேலேயே இரும்புக்கு வாடவிட்டிருக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு 1996 ஞாபகம் வந்தது.

1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வை இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நான் அப்போது பத்தாம் ஆண்டு. அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் நாங்கள் திரும்பி வந்தபோது கல்லூரியின் ஓடுகள் பல உடைந்திருந்தன. வகுப்பறைக்குள் பற்றை முளைத்திருந்தது. ஆனால் எக்சோரா வேலி யன்னல் உயரத்துக்கு வளர்ந்து, நாங்கள் ஒருபோதும் கண்டிராத கரும்பச்சையில், ஒரே சிவப்பாய்ப் பூத்து நின்றது. வழக்கமாக அது சற்று மஞ்சளாய்த்தான் இருக்கும். ஒருவரும் பராமரிக்காமல் எப்படி இவ்வளவு செழித்தது என்று எல்லோரும் அதிசயித்தோம். கிணற்றுத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாததால்தான் செழித்தது என்பது இருபது வருடம் கழித்து ரீச்சரின் கேள்வியால்தான் எனக்கு விளங்கியது. அந்த மாரி முழுவதும் அது மழைத்தண்ணீர் மட்டும் குடித்திருந்தது. உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்கவும் ஒருவர் இல்லை.

இனி வளர்க்கிற முறைக்கு வருகிறேன். குறித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது இடம். காலை வெயில் நன்றாகப் படவேண்டும், பின்னேரம் சற்று நிழல் இருந்தால் நல்லது. முழு நிழலில் இலை வரும், பூ வராது. சீமெந்து மதிலிலிருந்து நாலைந்து அடி தள்ளி நடுங்கள். மழை பெய்யும்போது மதிலிலிருந்து சுண்ணாம்பு கரைந்து இறங்கும்.

இரண்டாவது கிடங்கு. இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். வருகிற வெள்ளைக் கற்களையும் கட்டடக் கழிவுகளையும் பொறுக்கி எறியுங்கள். அடியில் தென்னம் பொச்சுமட்டைகளை அடுக்குங்கள், அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதற்குமேல் செம்மண் ஒரு பங்கு, மக்கிய இலைகுழை ஒரு பங்கு, நன்றாகப் பழுத்த மாட்டெரு ஒரு பங்கு. எங்கள் தோட்டக்காரர் பூவரசங்குழையைத் தாழ்ப்பதுபோல ஒவ்வொரு வருடமும் செடியைச் சுற்றிக் குழை தாழ்க்கலாம். கிடங்கை நிலமட்டத்துக்கு அரையடி மேலாகக் கும்பியாக நிரப்புங்கள். மாரி வெள்ளம் அடியில் நிற்கக்கூடாது.

மூன்றாவது காலம். மாரி தொடங்கும்போது, ஐப்பசியில் நடுங்கள். முதல் மூன்று மாதமும் வானமே தண்ணீர் ஊற்றும். வேலியாக வேண்டுமென்றால் செடிக்குச் செடி மூன்றடி விடுங்கள்.

நான்காவது ஈரம். நாள்தோறும் மேலோட்டமாகத் தெளிப்பதை விட வாரத்தில் இரண்டு தரம் ஆழமாக ஊற்றுவது நல்லது. ஊற்றுவதற்கு முன் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு இறக்கிப் பாருங்கள். விரலில் ஈரமண் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். சருகோ தும்போ காய்ந்த புல்லோ கொண்டு மூன்று விரற்கடை தடிப்பில் மூடாக்குப் போடுங்கள், தண்டைத் தொடவிட வேண்டாம். கோடையிலே இந்த மூடாக்குத்தான் செடியைக் காப்பாற்றும். கூட்டிய சருகை எரிப்பதை விட்டு வெட்சிக்குப் போடுங்கள்.

ஐந்தாவது தண்ணீர். இயன்ற அளவு மழைத்தண்ணீர். கணக்கு இலகு. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். நூறு சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஆயிரம் லீற்றர். பிளாஸ்ரிக் தாங்கியில் சேருங்கள். புதுச் சீமெந்துத் தொட்டி தண்ணீருக்குத் திரும்பவும் சுண்ணாம்பைக் கொடுத்துவிடும்.

அடுத்தது வெட்டுதல். பூ புதுத்தளிரின் நுனியில்தான் வரும். ஒரு பூப்பு முடிந்ததும் வாடிய கொத்துகளோடு சற்றுக் கீழே வெட்டிவிட்டால் பக்கக் கிளை வெடித்து அடுத்த பூப்பு வரும். வாராவாரம் கத்தரித்துச் சுவர்போல வைத்திருந்தால் பூவை நீங்களே வெட்டி எறிகிறீர்கள். இலையில் கரி பூசியதுபோல் படிந்தால் அடியைத் திருப்பிப் பாருங்கள். செதில் பூச்சியும் எறும்பும் இருக்கும். மெல்லிய சவர்க்காரக் கரைசலால் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் புது இலை வெளிறினால் இரும்பு கொடுக்கலாம். பெரசு சல்பேற்றை எங்கள் மண்ணிலே கொட்டிப் பயனில்லை, சுண்ணாம்பு அதையும் பூட்டிவிடும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 கிராமுக்கு மேற்படாமல் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையிலே தெளியுங்கள். விவசாயக் கடையில் காரமண்ணுக்கென்று விற்கும் இரும்பு வாங்கினால் பையிலே ஈ.டி.டி.எச்.ஏ. என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஈ.டி.டி.ஏ. என்று இருப்பது காரமண்ணிலே நிலைக்காது. எதுவானாலும் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். இந்த எச்சரிக்கை அலுமாரியில் இருக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் பொருந்தும். குழந்தைகள் இனிப்பென்று நினைத்து அதிகமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கன்று வேண்டுமென்றால் விலைக்கு வாங்கத் தேவையில்லை. அரைமுற்றலான தடியில் ஒரு சாண் வெட்டி, நுனியில் இரண்டு இலையை விட்டு, மணலும் மக்கும் கலந்த சாடியில் நட்டு நிழலில் வையுங்கள். ஈரம் காயாமல் பார்த்தால் இரண்டு மாதமளவில் வேர்விடும்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் "எங்களுக்கு என்ன சொல்லுறீர்?" என்பதுபோலப் பார்க்கிறீர்கள். நீங்கள் சாடியில் வளருங்கள். குளிர்காலத்தில் 15 பாகைக்குக் குறையாத, வெளிச்சமுள்ள யன்னலோரம் வேண்டும். இலண்டன் குழாய்த்தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் தங்கச்சி, உங்கள் கேத்திலே சாட்சி. மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள். மெல்பேணில் தண்ணீர் மென்மையானது, அங்கே அந்தக் கவலை இல்லை. ரொறன்ரோவில் இருப்பவர்கள் குளிர் இறங்க முதல் சாடியை உள்ளே எடுத்துவிடுங்கள்.

செடிக்கதை இவ்வளவுதான். இனி எனக்குச் சொல்லக் கஷ்டமான இன்னொரு கதை.

ரீச்சர் "இரத்தசோகை" என்ற நாளில் எனக்கு இன்னொருத்தியும் ஞாபகத்துக்கு வந்தாள். எட்டாம், ஒன்பதாம் ஆண்டுகளில் என் வகுப்பில் படித்த தோழி. பெயர் சொல்லமாட்டேன். காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுவாள். படியேறினால் மூச்சு வாங்கும். பாடத்தில் தூங்கிவிடுவாள். சோம்பேறி என்று எல்லோரும் சொன்னோம். வகுப்பிலே வெண்கட்டி அடிக்கடி காணாமல் போகும். நான் மொனிற்றர். ஒருநாள் பின்வாங்கில் அவள் வெண்கட்டியைக் கடித்துத் தின்பதைக் கண்டுபிடித்தேன். கள்ளியைப் பிடித்த பெருமையோடு எல்லோருக்கும் முன்னால் எழும்பிச் சொன்னேன். அவள் அழுதாள். அதன்பிறகு அவளுக்கு வகுப்பில் ஒரு பட்டப்பெயர் வந்தது. அதையும் நான் சொல்லமாட்டேன்.

மருத்துவபீடத்தில் மூன்றாம் வருடம், புத்தகத்தில் ஒரு வரி வாசித்தேன். இரும்புக் குறைபாடு உள்ளவர்களுக்கு மண், பச்சையரிசி, வெண்கட்டி, ஐஸ்கட்டி போன்றவற்றைத் தின்னும் அடங்காத ஆசை வரலாம். புத்தகத்தை மூடிவிட்டு விடுதி வாசற்படியில் நெடுநேரம் இருந்தேன். அவள் வெண்கட்டி தின்றது கள்ளத்தனம் இல்லை, நோயின் குணங்குறி. என் கண்முன்னே ஒரு வருடம் முழுவதும் இருந்திருக்கிறது.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். காலைச் சாப்பாடு பாணும் சம்பலும், இல்லாவிட்டால் முதல்நாள் புட்டு. கூடவே உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டியைக் கடித்தபடி பிளேன்ரீ. சாப்பாட்டோடு குடிக்கிற தேத்தண்ணீர் உணவில் இருக்கும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புக்குள் போகவிடாது. மாதாமாதம் இரத்தம் போகிற வயது. போதாததற்குப் பூச்சி. முருங்கையிலை சாப்பிட்டோமே என்பீர்கள். கீரையில் இரும்பு உண்டு. ஆனால் ரீச்சர் சொன்னதுதான்: இருக்கிறது வேற, எடுக்கிறது வேற.

எடுக்க வைக்கிற வழி இலகு. கீரைக்கும் பயறுக்கும் கௌபிக்கும் தேசிக்காய்ப் புளி விடுங்கள். மண்ணிலே புளிப்பு செய்யும் வேலையை வயிற்றிலே தேசிக்காய் செய்யும். மீன், நெத்தலி, ஈரல் சாப்பிடுகிறவர்களுக்கு அவற்றிலுள்ள இரும்பு இலகுவாகச் சேரும். தேத்தண்ணீரையும் கோப்பியையும் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலமாவது தள்ளி வையுங்கள். இரும்பு மாத்திரையையும் கல்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்கவேண்டாம். அங்கேயும் சுண்ணாம்பு இரும்பை மறிக்கும். கிளினிக்கில் குடும்பநல மாது வேறு வேறு நேரத்தில் போடச் சொல்வது அதனால்தான். களைப்பென்றவுடன் மாத்திரையை நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். இரத்தத்தைப் பரிசோதித்துக் காரணம் தெரிந்த பிறகு தொடங்குங்கள். நான் காரணம் பாராமல் யூரியா போட்டதைச் சொன்னேன் அல்லவா?

அந்தத் தோழி இடப்பெயர்வோடு எங்களை விட்டுப் போனவள். வன்னி, பிறகு கொழும்பு, பிறகு கனடா. மூன்று வருடத்துக்கு முதல் எங்கள் பிரிவின் வட்ஸ்அப் குழுவில் அவள் பெயரைக் கண்டேன். ஒரு கிழமை யோசித்துவிட்டு அழைத்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மூத்தவளைப் பெறேக்கை எனக்கு இரத்தம் ஏத்தினவை. அப்பதான் அந்த டொக்டர் கேட்டா, சின்ன வயசில மண், சோக் ஏதும் சாப்பிட்டனீங்களோ எண்டு. நான் உடன இல்லை எண்டிட்டன். முப்பது வயசிலயும் வெக்கம்" என்றாள்.

அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது நான்தான். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. "அந்த எக்சோரா வேலி இன்னும் நிக்குதோ?" என்று கேட்டாள். புதிய கட்டடம் கட்டும்போது அதை வெட்டிவிட்டார்கள் என்று சொன்னேன். இந்தக் கதையை இங்கே சொல்லலாமா என்று போன மாதம் கேட்டேன். "என்ர பேரைச் சொல்லாதை, கதையைச் சொல்லு" என்றாள்.

ஆகவே என் இரண்டு வேண்டுகோள்கள்.

முதலாவது, நூறு செடி வேண்டாம், இருபத்தைந்து நடுங்கள். இருபத்தைந்து செடிக்கு ஒரு தரத்துக்கு ஐந்து லீற்றர்ப்படி வாரத்தில் இரண்டு தரம் ஊற்றினால் 250 லீற்றர். 5000 லீற்றர்த் தாங்கி ஒன்றை மண்டபக் கூரைப் பீலியோடு பொருத்தினால் இருபது வாரத்துக்கு, அதாவது மாசியிலிருந்து ஆனிவரை மழைத்தண்ணீர் போதும். மிகுதி மாதங்களுக்கு மூடாக்கும் இடைமழையும் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீருமாகச் சமாளிக்கலாம். நூறு நட்டால் அந்தத் தாங்கி ஐந்து வாரத்தில் காய்ந்துவிடும். பிறகு கிணற்றுத் தண்ணீர்தான். இரண்டு வருடத்தில் நூறு மஞ்சள் செடிகளுக்குப் பக்கத்தில் நூற்றாண்டுக் கல்வெட்டு நிற்கும். மதிலோரத்தையும் விட்டுவிடுங்கள், அங்கே கட்டடக் கழிவுதான் புதைந்திருக்கிறது. பழைய வேலி நின்ற பாதையோரமே நல்ல இடம். என் முற்றத்துச் செடியில் நாற்பது தடி வேர்விட வைத்திருக்கிறேன். கிணற்றடியில் மஞ்சளடித்த அதே செடிதான். ரீச்சர் சொன்னபடி முற்றத்துக்கு மாற்றி நட்டது.

இரண்டாவது, எழுபத்தைந்து செடிக்கென ஒதுக்கிய காசு மிஞ்சும். அதை இந்தப் பிள்ளைகளின் இரத்தப் பரிசோதனைக்குத் தாருங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் ஒழுங்கில், பெற்றோரின் சம்மதத்தோடு, ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் பார்க்கலாம். இந்த வயதுப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. பரிசோதனைக்கு நானும் எங்கள் சங்கத்திலுள்ள மற்ற வைத்தியர்களும் வருவோம். முடிவு பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். வகுப்பிலே வாசிக்கவேண்டாம்.

தங்கைமாருக்கு ஒரு சொல். உங்கள் வகுப்பிலும் தூங்குகிற ஒருத்தி இருப்பாள். பிரார்த்தனையில் தலைசுற்றி இருந்துவிடுகிற ஒருத்தி இருப்பாள். அவளைப் பற்றி எழும்பிச் சொல்ல முதல், இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, "காலையில என்ன சாப்பிட்டனீ?" என்று கேளுங்கள். உங்களில் யாராவது பச்சையரிசியோ வெண்கட்டியோ ஒளித்துத் தின்கிறவர்களாக இருந்தால் என்னிடம் வாருங்கள். நான் யாருக்கும் சொல்லமாட்டேன். திட்டவும் மாட்டேன்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் கன்றுகளைக் கொண்டுவருகிறேன். கிடங்கு வெட்ட ஆட்கள் தேவை. பெயர் தர விரும்புகிறவர்கள் வாசலில் செயலாளரிடம் கொடுக்கலாம்.